தறப்பாளில கீறின ஊர்: காணி கேட்ட சனமும் ஓவியம் கீற வந்த நாங்களும் (ஒரு நிகழ்வு ஆய்வு)

பின்னணி

முல்லைத்தீவு மாவட்டத்தில ஒரு குளத்தடிக் கிராமம். பேர் வேண்டாம், ஆக்கள் அங்கதான் இருக்கினம், காணிப் பிரச்சினையும் முழுசா முடியேல்ல. 2008 கடைசியில ஊரை விட்டு வெளிக்கிட்ட சனம், மாத்தளன், முள்ளிவாய்க்கால் எண்டு போய் கடைசியா செட்டிகுளம் மெனிக்பாம் அகதி முகாமில கிடந்தவை. 2012 செப்டெம்பரில மெனிக்பாமை மூடேக்க எல்லாரையும் ஊருக்கு விட்டாச்சு எண்டு சொன்னாலும் இவையளை ஊருக்கு விடேல்ல, ஏனெண்டா ஊருக்குள்ள படையாக்களின்ர காம்ப் இருந்தது. சொந்த வளவில இருந்து சைக்கிளில போற தூரத்தில ஒரு வீட்டுத்திட்டம் போட்டு அங்க இருத்தினவங்கள். வளவில நிண்ட பனையின்ர வட்டு றோட்டில நிண்டா தெரியும், ஆனா உள்ள போகேலாது.

2017 ஜனவரி கடைசியில கேப்பாபுலவு பிலக்குடியிருப்புச் சனம் விமானப்படைக் காம்புக்கு முன்னால இருந்து போராட்டம் தொடங்கினது எல்லாருக்கும் தெரியும். மழை, பனி எல்லாத்துக்குள்ளயும் பிள்ளையளோட றோட்டில கிடந்து மார்ச் 1 ஆம் திகதி 42 ஏக்கரை வாங்கிச்சினம். அந்த ஒரு மாதம் வன்னியில கன ஊரை உசுப்பி விட்டது. கிளிநொச்சியில காணாமல் ஆக்கப்பட்டவையின்ர உறவுகள் கந்தசாமி கோயிலடியில இருக்கத் தொடங்கினதும் அதே பெப்ரவரிதான், இரணைமாதாநகரில இரணைதீவுச் சனம் இருக்கத் தொடங்கினது மே மாதம். நான் சொல்லுற ஊரும் அந்த வருசம்தான் றோட்டுக்கரையில ஒரு கொட்டில் போட்டது.

நாங்கள் மூண்டு பேர். நான் நுண்கலை படிச்சு ஓவியம் கீறுற ஆள், ஒராள் நாடகம், மற்றவ காணிச் சட்ட வேலையளில சனத்துக்கு உதவி செய்யிறவ. ஒரு சின்ன பண்ட் (நிதி உதவி) கிடைச்சிருந்தது, ‘சமூகப் பங்கேற்புக் கலை’ எண்ட தலைப்பில. அந்தத் தலைப்பை இப்ப வாசிச்சாலும் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

போன நேரம் இருந்த நிலமை

வன்னிச் சனத்துக்கு ‘பங்கேற்பு’ புதுசில்ல. 2009க்குப் பிறகு வந்த ஒவ்வொரு ப்ரொஜெக்டும் வட்டமா இருத்தி, பிரிஸ்டல் போட் குடுத்து, கலர் மார்க்கர் குடுத்து, ‘உங்கட பிரச்சினையளை எழுதுங்கோ’ எண்டு கேட்டதுதான். எழுதினதெல்லாம் சுருட்டி வாகனத்தில ஏறிப் போயிடும். பிள்ளையளிட்ட வீடு கீறச் சொல்லி, ஹெலி கீறச் சொல்லி, அதை வச்சு உளசமூக ரிப்போட் எழுதினதும் கனக்க நடந்தது. ஷெரி ஆர்ன்ஸ்டைன் எண்ட அமெரிக்கப் பெண் 1969 இல பங்கேற்பை எட்டுப் படியா வச்சு ஒரு ஏணி எழுதினவ. அதில அடியில கிடக்கிற ரெண்டு படியையும் பங்கேற்பே இல்லையெண்டு தள்ளி வச்சவ, ஒண்டு ஆக்களை ஏய்க்கிறது, மற்றது சிகிச்சை குடுக்கிறது. அதிகாரம் இல்லாத சனத்துக்கு அதிகாரத்தைக் குடுக்காமல் ‘உங்களைக் குணப்படுத்திறம்’ எண்டு வாறதை அவ ஏய்க்கிறதுக்குப் பக்கத்திலதான் வச்சிருக்கிறா. போருக்குப் பிறகு எங்கட பக்கத்தில கலை எண்டு வந்ததில பெரும்பங்கு அந்த ரெண்டாவது படியிலதான் நிண்டது எண்டுறது என்ர அபிப்பிராயம்.

அதால நாங்கள் கொட்டிலுக்குப் போகேக்க ஒருத்தரும் எங்களைக் கலைக்கவும் இல்ல, பெரிசா வரவேற்கவும் இல்ல. தேத்தண்ணி தந்திச்சினம். கொட்டிலுக்கு ஒரு பெரிய துணி கீறுவம், எல்லாரும் கை வச்சுச் செய்வம் எண்டு கேட்டம், ஓமெண்டு செய்திச்சினம், பிள்ளையள் நல்லாச் சிரிச்சுக்கொண்டு செய்துதுகள். அது முடிய மாதர் சங்கத்தில இருக்கிற வயசான அம்மா ஒராள் கேட்டா: “வடிவா இருக்குத் தம்பி. இதை ஏஜிஏ ஒப்பீசில குடுத்தா எடுப்பாங்களோ?”

அவ பகிடிக்குக் கேக்கேல்ல. அந்தக் கிழமைதான் ஏஜிஏ ஒப்பீஸ் எண்டு சனம் சொல்லுற பிரதேச செயலகத்தில ஆர் ஆருக்கு எங்க காணி இருந்தது எண்டு விவரம் கேட்டிருந்தவை. வன்னியில கன காணி அரச காணி, 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி குடுத்த பேமிற்தான் (அனுமதிப்பத்திரம்) கையில இருக்கும். அந்தப் பேமிற்றுகள் கனபேருக்குப் பங்கருக்குள்ள, மூட்டையோட, கடற்கரையில எல்லாம் துலைஞ்சு போட்டுது. ஒப்பீசில இருந்த ஃபைலுகளும் போரோட போனது போக மிச்சம்தான். ஆக, சனத்திட்டையும் கடதாசி இல்ல, கந்தோரிலயும் ஒழுங்கான கடதாசி இல்ல, ஊரைப் பாத்துச் சொல்லுவம் எண்டா ஊருக்குள்ள விடுறாங்களும் இல்ல.

முதலாவது முடிவு: ஊரைக் கீறுறது

அடுத்த மீற்றிங்கில சங்கத் தலைவர் ஐயாவும் மாதர் சங்கமும் சேந்து எடுத்த முடிவு, ஊரை ஞாபகத்தில இருந்து கீறி அதில இருந்து ஒரு பட்டியல் எடுத்துக் குடுக்கிறது. எங்கட வேலை பெயின்ற் வாங்கிறதும், பிரஷ் பிடிக்கக் காட்டிக் குடுக்கிறதும், எழுத்து வேலையும். நான் கட்டை பிரிஸ்டல் போட்டுகளை ஒட்டிச் செய்வம் எண்டு சொல்ல அதே அம்மா “கடதாசி நனைஞ்சிடும், தறப்பாளில கீறுங்கோ” எண்டா. மெனிக்பாமில இருந்து கொண்டுவந்த வெள்ளைத் தறப்பாள் வீட்டுக்கு வீடு கிடந்தது, நெல்லுக் காயவிட, விறகு மூட. நல்லதாப் பாத்து ரெண்டு தறப்பாளைக் கழுவிக் கொண்டுவந்து கோயில் மடத்து நிலத்தில விரிச்சம்.

கீறத் தொடங்கேக்க நாங்கள் படிச்ச மாதிரி வடக்கு எது தெற்கு எது எண்டு வைக்கேல்ல. குளத்துக் கட்டு, துருசு (தண்ணி திறக்கிற மதகு), பிள்ளையார் கோயில், பள்ளிக்கூடம், அந்த நாலையும் முதல் வச்சாச்சு, மிச்சமெல்லாம் அதில இருந்து. ஆம்பிளையள் வயல் வரம்பு, வாய்க்கால், மாடு சாய்க்கிற பாதை எண்டு டக்குடக்கெண்டு கீறிச்சினம், ஆனா வீடுகளுக்கு வரேக்க பிசகினது. இவற்ற வீட்டுக்குப் பக்கத்தில அவற்ற வீடா, இல்ல இடையில வெறுங்காணியா எண்டு சத்தம். அப்ப பின்னுக்கு இருந்த அக்கா ஒராள், அந்தக் காலத்தில சீட்டுப் பிடிச்சவவாம், மாதா மாதம் வீடு வீடாப் போய்க் காசு சேத்தவ, எழும்பி வந்து தறப்பாளில ஏறி நிண்டு காலால நடந்து காட்டத் தொடங்கினா. “இஞ்சால முதல் வீடு, படலை கிழக்க பாத்தது. இதில நாய் நிக்கும். அடுத்தது கதியால் வேலி, பொட்டுக்குள்ளால போகலாம். இவ காசு ஒருநாளும் நேரத்துக்குத் தராள்.” மடம் முழுக்கச் சிரிப்பு, காசு தராதவவும் அங்கதான் இருந்தவ. அவ நடந்த ஒழுங்கிலதான் கடைசிவரைக்கும் வீடுகள் இருந்தது, ஒருத்தரும் மாத்தேல்ல.

வேலிக்கு மீன்வலை நூல் தைச்சம். கிணறுக்குச் சோடா மூடி. தூரமெல்லாம் பிழை, தங்கட வளவு எல்லாருக்கும் பெரிசு, மற்றாக்களின்ர சின்னன். அதைத் திருத்துவம் எண்டு எனக்குக் கை துறுதுறுத்தது, மற்ற ரெண்டு பேரும் விடேல்ல. ஒழுங்கு சரியா இருந்தாக் காணும், அளவு சேவையர் பாப்பார் எண்டு சட்டம் தெரிஞ்சவ சொன்னா. பிறகு நடந்ததை வச்சுப் பாத்தா அதுதான் சரி.

பேர் எழுதினது

வளவுக்குள்ள பேர் எழுதிறது லேசான வேலையா இருக்கேல்ல. கன காணி காணாமல் போன புருசன்மாரின்ர பேரில. பேமிற்காரர் செத்திட்டார் எண்டாத்தான் அவருக்குப் பிறகு காணி எனக்கு எண்டு பின்னுரித்துக் கேக்கலாம், செத்ததுக்கு மரணச் சான்றிதழ் வேணும், அதை எடுக்க மாட்டன் எண்டு நிக்கிற பெம்பிளையள் வன்னியில எத்தினை பேர். 2016 இல ‘காணாமற்போனமைச் சான்றிதழ்’ எண்டு ஒண்டு சட்டத்தில வந்தது, அதையும் எல்லாரும் எடுக்கேல்ல. பழைய சட்டத்தில வேற ஒரு சிக்கல், பின்னுரித்தாளர் எண்டு ஒருத்தரையும் எழுதி வைக்காட்டி பிள்ளையளுக்குள்ள ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான் முன்னிடம், 2022 இலதான் அதைத் திருத்தினவங்கள்.

ஒரு அக்கா பிரஷ்ஷைக் கையில வச்சுக்கொண்டு கனநேரம் இருந்தா. தன்ர பேரை எழுதினா மனுசன் இல்லையெண்டு தானே எழுதிக் குடுத்த மாதிரி, அவற்ற பேரை மட்டும் எழுதினா ஒப்பீசில தனக்கு ஒண்டும் இல்ல. கடைசியில மாதர் சங்கம் எடுத்த முடிவு, அப்பிடியான வளவுகளில ரெண்டு பேரையும் பக்கத்தில பக்கத்தில எழுதிறது, கோடோ அடைப்போ போடுறேல்ல. பட்டியலிலயும் அப்பிடியே போனது.

ரெண்டாவது தறப்பாள்

இன்னொரு கேள்வியும் வந்தது. பங்கர் கிண்டின இடம், இயக்கத்தின்ர பேஸ் இருந்த இடம், செல் விழுந்து ஆக்கள் செத்த இடம், வெளிக்கிடேக்க நகை தாட்ட இடம், இதெல்லாம் கீறுறதோ விடுறதோ. இளம் பெடியள் கீறவேணும் எண்டு நிண்டாங்கள், வரலாறு எண்டாங்கள். தலைவர் ஐயா “கந்தோருக்குப் போற படத்தில உதெல்லாம் போட்டாக் காணி வராது, சிஐடிதான் வருவான்” எண்டார். ரெண்டு பக்கமும் சொன்னது நியாயம். அதுக்குத்தான் மற்றத் தறப்பாளை எடுத்தது. முதலாவது கந்தோருக்கு. ரெண்டாவது தங்களுக்கு, அதை ஆர் வச்சிருக்கிறது, ஆருக்குக் காட்டிறது எண்டதைத் தாங்களே தீர்மானிச்சினம், அது கீறேக்க நாங்கள் மூண்டு பேரும் வெளியில போய் நிண்டம். நான் அதைப் பாக்கேல்ல. ஒரு கலைஞனுக்கு அது கொஞ்சம் சுடும்தான், ஆனா இந்த முழு வேலையிலயும் மிச்சம் நல்லாச் செய்த காரியம் அதுதான் எண்டு நினைக்கிறன்.

பிரச்சினை வந்த இடம்

முதல் தறப்பாள் முடியிற நேரம், குளத்தின்ர அலைகரை, அதாவது தண்ணி வந்து முட்டுற கரைப் பக்கம் வெறுமையாக் கிடந்தது. அதில பத்தை எண்டு பச்சை அடிச்சிருந்தது. அண்டைக்குத்தான் முதல்தரம் மீற்றிங்குக்கு வந்த ஒரு அம்மா, மடத்துக்கு உள்ள வராமல் படியில நிண்டு பாத்திட்டு, “எங்க வீடு எங்கங்கய்யா?” எண்டு கேட்டா.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில இருந்து வன்னிக்கு வந்த குடும்பங்கள் கனக்க. காந்தீயம் போல அமைப்புகள் இருத்தின இடங்களும் இருக்கு, தாங்களாக் காடு வெட்டிக் குடியேறின இடங்களும் இருக்கு, மற்றாக்களின்ர வயலில கூலிக்கு நிண்டு அப்பிடியே தங்கினவையும் இருக்கினம். இந்த ஊரில அலைகரைப் பக்கம் இருந்தது அவையள்தான். ஊர் வெட்டின குளத்துக் கட்டில அவையின்ர மண்வெட்டியும் இருந்தது, மாவீரர் குடும்பங்களும் அதுக்குள்ள இருந்தது, ஆனா பேமிற் இருக்கேல்ல. இடம்பெயரேக்கயும் மெனிக்பாமிலயும் ஒரே லைனிலதான் நிண்டவை. வீட்டுத்திட்டத்தில கடைசி ஒழுங்கை அவையளுக்கு.

தலைவர் ஐயா சொன்ன நியாயத்தை நான் லேசாத் தள்ளேல்ல. அது குளத்து ரிசேர்வ் (குளத்துக்கு எண்டு ஒதுக்கின நிலம்), பேமிற் இல்லாத ஆக்களையும் போட்டா ஒப்பீசில முழுப் பட்டியலையும் சந்தேகப்படுவாங்கள், முதல் இருக்கிறாக்களுக்கு எடுப்பம், பேந்து அவையளுக்குக் கேப்பம் எண்டார். போராட்டம் எண்டு வரேக்க இப்பிடித்தான் கதை வரும், ஒற்றுமையாக் காட்டவேணும் எண்டு சொல்லித்தான் ஆரோ ஒராளை அழிக்கிறது. அந்த ‘பேந்து’ வருமோ எண்டு படியில நிண்ட அம்மாவுக்குத் தெரியும், அவ ஒண்டும் சொல்லேல்ல.

எங்களுக்கு முன்னால ரெண்டு வழி இருந்தது. ‘சனத்தின்ர படம், சனம் கீறினபடி விடுவம்’ எண்டு பேசாமல் இருக்கிறது ஒண்டு, பிரஷ்ஷை எடுத்து நாங்களே அந்த வீடுகளைக் கீறுறது மற்றது. பேசாமல் இருந்தா அது நடுநிலை இல்ல, தலைவற்ற பக்கம். நாங்களே கீறினா, நாங்கள் வெளிக்கிட்ட அடுத்தநாள் அதுக்கு மேல பச்சை பூசுப்படும். அண்டிரவு மூண்டு பேரும் கனநேரம் கதைச்சு, அடுத்த மீற்றிங்கில ஒரு கேள்வியை மட்டும் வச்சம்: இந்தப் படம் ஆருக்குச் சொந்தம் எண்டு காட்டிற படமோ, ஆர் இருந்தவை எண்டு காட்டிற படமோ? சொந்தம் எண்டா, பேமிற் துலைச்ச நீங்களும் இப்ப கையில ஒண்டுமில்லாமல்தான் நிக்கிறியள். இருந்ததை வச்சுத்தானே கேக்கிறியள்.

நல்லாச் சத்தம் வந்தது. நாலைஞ்சு பேர் எழும்பிப் போட்டினம், அதில ரெண்டு பேர் பிறகு பட்டியலில கையெழுத்தும் வைக்கேல்ல. கதையைத் திருப்பினது நாங்களில்ல, சீட்டுக்கார அக்கா. “அந்த வீடுகளிலயும் நான் சீட்டு எடுத்தனான், நேரத்துக்குத் தந்ததுகள்” எண்டு சொல்லிப்போட்டுப் பச்சைக்கு மேல ஏறி நடக்கத் தொடங்கினா. கடைசியா வந்த ஒழுங்கு மூண்டு நிறம்: பேமிற் கையில இருக்கிற வீடு, துலைஞ்ச வீடு, பேமிற் இல்லாமல் இருந்த வீடு. பட்டியலிலயும் மூண்டு நிரல்.

கந்தோரில நடந்தது

பட்டியலை எடுத்தாங்கள், தறப்பாளை முதல் எடுக்கேல்ல, இதென்ன படம் காட்டுறியளோ எண்டு கவுண்டரில சிரிப்பு. காணி உத்தியோகத்தர் ஒராள் சத்தத்துக்கு வெளியில வந்து, விறாந்தையில விரிக்கச் சொல்லி, குந்தியிருந்து பாத்தார். பிறகு உள்ள போய்ப் காணித் துண்டுகளைப் பிரிச்சுக் காட்டுற பழைய பிளொக் அவுட் பிளான் ஒண்டின்ர கொப்பியைக் கொண்டுவந்து வச்சு, துண்டு துண்டா ஒப்பிட்டார். வீடுகளின்ர ஒழுங்கு பெரும்பாலும் பொருந்தினது. அதுக்குப் பிறகு நடந்த காணிக் கச்சேரியில (காணி விசாரணைக் கூட்டம்) பேமிற் துலைஞ்சவையின்ர பேரைக் கூப்பிட்டு விசாரிக்க அந்த ஒழுங்கு உதவினது. மூண்டாவது நிறத்துக்கு மட்டும் ‘தனியா விண்ணப்பம் போடுங்கோ’ எண்டாங்கள்.

தலைவர் பயந்த மாதிரி முழுப் பட்டியலையும் ஒருத்தரும் தூக்கி எறியேல்ல. அவர் பயந்த மற்றது நடந்தது: சிஐடி வந்தது. படத்தை ஆர் கீறினது, ஆர் காசு தந்தது எண்டு கேட்டவங்கள். ‘எல்லாரும்தான்’ எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். கலைப் புத்தகங்களில கூட்டாப் படைக்கிறது பற்றிக் கனக்க எழுதியிருக்கு, தனிக் கலைஞனின்ர பேர் இல்லாமல் போறது அழகியல் கேள்வி எண்டு. இங்க அது பாதுகாப்பு விசயம், பேர் எழுதாத படத்துக்கு ஒராளைத் தனியாக் கூப்பிடேலாது.

கொழும்புக் கண்காட்சி

இடையில கொழும்பில ஒரு கண்காட்சிக்குக் கேட்டவை, தறப்பாளையே கேட்டவை, சுவரில முழுசாத் தொங்கவிட. எனக்கு ஆசை இல்லையெண்டு சொன்னாப் பொய். சனத்திட்டக் கேட்டம். பேப்பரில வந்தா அமுக்கம் கூடும் எண்டு சிலபேர் ஓமெண்டு நிண்டினம், அதையும் விளங்கலாம், கேப்பாபுலவுக்குக் கமெரா வந்தது உதவினது எல்லாருக்கும் தெரியும். மாதர் சங்கத் தலைவிதான் முடிச்சு வச்சா: “அது எங்கட ஃபைல் தம்பி. கச்சேரி முடியேல்ல. ஃபைலை ஆராவது வாடகைக்குக் குடுப்பினமோ?” போட்டோவும் வேண்டாம் எண்டாச்சு. பண்ட் தந்தவை ரிப்போட்டுக்குப் படம் கேட்டு ரெண்டு மூண்டு ஈமெயில் போட்டவை, படமில்லாமல்தான் ரிப்போட் போனது, அதோட அந்தப் பக்கத்துத் தொடர்பும் முடிஞ்சுது.

பிறகு

காணியில றோட்டுப் பக்கப் பகுதியை விட்டாங்கள், குளத்துப் பக்கம் காம்புக்குள்ளயே நிண்டுபோச்சு. உள்ள போன நாள் சனம் திகைச்சுப் போச்சு, வேலி ஒண்டும் இல்ல, கிணறு கனக்கத் தூந்து கிடந்தது, வீடு இருந்த இடங்களில டோசர் போட்டுச் சமனாக்கி, சிலதில காம்பின்ர சீமெந்து நிலம். எது ஆரின்ர வளவு எண்டு தெரியேல்ல. கோயில் அத்திவாரம் தெரிஞ்சது, துருசு கம்பிக்கு அங்கால தெரிஞ்சது. அந்த ரெண்டையும் குறியா வச்சு, தறப்பாளைப் பாத்துப் பாத்து, சீட்டுக்கார அக்கா முன்னால நடக்கக் கயிறு கட்டிக்கொண்டு போச்சினம். தூந்த கிணறு ஒண்டு சொன்ன இடத்திலயே அம்பிட்டதோட மிச்ச வளவெல்லாம் விரைவா முடிஞ்சுது.

படத்தால சண்டையும் வந்தது. ரெண்டு குடும்பம், படத்தில தங்கட வளவு பெரிசாக் கிடக்கு எண்டு ஒண்டு, அப்பவே நீங்கள் எங்கட பக்கம் தள்ளித்தான் கீறினியள் எண்டு மற்றது. மத்தியஸ்த சபை வரைக்கும் போய்ச் சேவையர் வந்தாப்பிறகுதான் அடங்கினது. அலைகரைக் குடும்பங்களில கொஞ்சப் பேருக்கு வேற இடத்தில துண்டுக் காணி கிடைச்சது. மிச்சப் பேற்ற விண்ணப்பம் வனவளத் திணைக்களத்தின்ர எல்லைக்குள்ள வருகுது எண்டு நிக்குது.

இன்னொரு ஊரில செய்யிறதெண்டா

முதல் விசயம், கோயில் மடத்தில தொடங்கக்கூடாது. அந்த அம்மா படியில நிண்டதுக்குக் கூச்சம் மட்டும் காரணமில்ல. பள்ளிக்கூடம் நல்லது, இல்லாட்டி ஒரு மரத்தடி. ஊரின்ர கடைசி ஒழுங்கைக்கு முதல் போய், அங்க இருந்து கீறிக்கொண்டு நடுவுக்கு வாறது. கூலிக்குப் போற சனம் வாறதெண்டா பின்னேரம் அஞ்சுக்குப் பிறகுதான் மீற்றிங், காலமை பத்து மணி எண்டா வாறது சங்கத்துக்காரர் மட்டும்தான். போட்டோ எடுக்கிறதோ இல்லையோ, படம் ஆரிட்ட நிக்கிறது, வெளியில போனா ஆரைக் கேக்கிறது எண்டதைப் பண்டுக்குக் கையெழுத்து வைக்க முன்னமே எழுதிப்போட வேணும், பிறகு கேட்டா முகம் முறிக்கிற கதையாப் போயிடும். வளவின்ர அளவுக்கு இது செல்லாது, ஒழுங்குக்கு மட்டும்தான் எண்டு படத்தின்ர மூலையிலயே எழுதிவிட்டா அந்த மத்தியஸ்த சபைச் சண்டையின்ர பாதி வந்திராது.

மற்றது பெயின்ற். இனாமல் பெயின்ற் தறப்பாளில காய்ஞ்சாப்பிறகு மடிக்க மடிக்க வெடிச்சு உதிருது, மார்க்கர் வெயிலில வெளிறுது. நூலால தைச்ச வேலியள் மட்டும் அப்பிடியே கிடக்கு. போன வருசம் பக்கத்துப் பிரதேச செயலகப் பிரிவில இருந்து ஒரு சங்கம் இதே மாதிரிச் செய்யக் கேட்டு வந்தவை, அவையளுக்கு எங்களைக் கூப்பிட வேண்டாம், சீட்டுக்கார அக்காவைக் கூப்பிடுங்கோ எண்டு சொல்லி அனுப்பினம். அவ போக்குவரத்துக் காசும் ஒருநாள் கூலியும் கேட்டவவாம், குடுத்தவையாம், பேரும் வளவும் எல்லாம் ஊசியும் நூலும்தான், பெயின்ற் வாங்கவே இல்லையாம்.